எந்த இலவசச் செயலியை நம்பிப் போனில் வைக்கலாம்?

“அன்றாடத் தேவைக்கு உதவும் நல்ல இலவசச் செயலிகள் எவை? பாதி வழியில் பணம் கேட்கக் கூடாது, விளம்பரத் தொல்லை இருக்கக் கூடாது” என்பது கேள்வி. பெயர்களை அடுக்குவது எளிது. நேற்று நல்லதாக இருந்த செயலி நாளையும் அப்படியே இருக்கும் என்று நம்புவதில்தான் சிக்கல். கேலரி, காலண்டர், தொடர்புகள் என்று விளம்பரமே இல்லாத செயலிகளைத் தந்த ‘சிம்பிள் மொபைல் டூல்ஸ்’ 2023 இறுதியில் வேறொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. கணக்குகளுக்குள் நுழைய ஒருமுறைக் குறியீடு தரும் செயலியாக ஐபோனில் பலர் நம்பியிருந்த ‘ரைவோ ஓடிபி’ 2023-இல் கை மாறியது; 2024-இல் வந்த ஒரு அப்டேட் பயனர்கள் சேமித்திருந்த குறியீடுகளையே துடைத்துவிட்டது. 1 கோடிக்கும் மேற்பட்ட போன்களில் இருந்த ஒரு பார்கோடு ஸ்கேனர், 2020 டிசம்பர் அப்டேட்டுக்குப் பிறகு தானாக பிரவுசரைத் திறந்து விளம்பரம் காட்டத் தொடங்கியது. கட்டுரைகளைச் சேமித்து வைக்கப் பயன்பட்ட ‘பாக்கெட்’டை, ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைத் தரும் மொஸில்லா 2025 ஜூலையில் மூடியது.

ஆகவே ஒரு செயலி என்னென்ன செய்யும் என்பதற்கு முன்பே வேறொன்றைப் பார்க்க வேண்டும்: அது நாளைக்கே கைவிட்டால், உள்ளே போட்டு வைத்ததை வெளியே எடுக்க வழி இருக்கிறதா? செயலியின் செட்டிங்ஸில் ‘எக்ஸ்போர்ட்’ என்ற சொல் இருக்கிறதா என்று நிறுவிய முதல் நாளே தேடுங்கள். இல்லையென்றால் முக்கியமான எதையும் அதில் வைக்காதீர்கள். கீழே சொல்பவை பெரும்பாலும் அந்தச் சோதனையில் தேறியவை.

முதலில், நிறுவவே தேவையில்லாதவை. டார்ச்சும் கியூஆர் ஸ்கேனரும் போனிலேயே இருக்கின்றன. ஐபோனில் ஐஓஎஸ் 11 முதல் கேமராவைக் காட்டினாலே கியூஆர் படிக்கும். இன்றைய ஆண்ட்ராய்டு போன்களில் கேமராவோ கூகுள் லென்ஸோ அதைச் செய்யும். ஒரு டார்ச் செயலி பயனர்களின் இருப்பிடத்தை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் 2013-இலேயே அதன் மீது நடவடிக்கை எடுத்தது. விளக்கு எரிய இருப்பிடம் எதற்கு என்று அதை நிறுவியபோது பலர் கேட்டிருக்க மாட்டார்கள். ‘ரேம் பூஸ்டர்’, ‘பேட்டரி சேவர்’, ‘கிளீனர்’ வகையறாவும் வேண்டாம். பின்னணியில் இருக்கும் செயலியை வலிந்து மூடினால் அது மறுபடி முதலிலிருந்து திறக்க வேண்டும். மிச்சப்படுத்துவதாகச் சொன்ன பேட்டரிதான் கூடுதலாகச் செலவாகும். போனில் இடம் போதவில்லை என்றால் ஆண்ட்ராய்டில் ‘ஃபைல்ஸ் பை கூகுள்’ போதும்: பெரிய கோப்புகள், இரட்டைப் படங்கள், டவுன்லோடில் மறந்துபோனவை எல்லாவற்றையும் பிரித்துக் காட்டும்.

அவசியம் வேண்டியவற்றில் முதலிடம், எல்லாப் பாஸ்வேர்டையும் ஒரே பூட்டுக்குள் வைத்துக் காக்கும் பாஸ்வேர்டு மேனேஜருக்கு. பிட்வார்டன் போதுமானது: திறந்த மூல மென்பொருள் (அதன் நிரலை யாரும் பார்க்கலாம்), இலவசக் கணக்கிலேயே பாஸ்வேர்டு எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை, போன்–கணினி எல்லாவற்றிலும் ஓடும். கணக்குத் தொடங்கும்போது ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டு கேட்கும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து அமையுங்கள். பாட்டு வரியும் பழமொழியும் வேண்டாம். அதைத் தாளில் எழுதி, முக்கிய ஆவணங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள். தாளில் எழுதக் கூடாது என்ற பழைய அறிவுரை இங்கே பொருந்தாது. இந்த ஒரு பாஸ்வேர்டு மறந்தால் நிறுவனத்தாலும் அதை மீட்டுத் தர முடியாது. பூட்டின் அமைப்பே அப்படி.

பிறகு, பாஸ்வேர்டைத் தானாக நிரப்பும் ஆட்டோஃபில்லை இயக்க வேண்டும். போனின் செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் ‘ஆட்டோஃபில்’ என்று தேடி, வரும் பட்டியலில் பிட்வார்டனைத் தேர்ந்தெடுங்கள். பலர் இந்தப் படியை விட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டை நகலெடுத்து ஒட்டிச் சலித்து, ஒரு வாரத்தில் செயலியையே நீக்கிவிடுகிறார்கள். பிரவுசர் தானும் பாஸ்வேர்டைச் சேமிக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரே கணக்குக்கு இரண்டு இடத்தில் இரண்டு பாஸ்வேர்டு சேர்ந்து, எது புதியது என்ற குழப்பம் வரும்.

எல்லாக் கணக்கையும் ஒரே நாளில் மாற்ற உட்காராதீர்கள். மின்னஞ்சல் முதலில். மற்ற எல்லாக் கணக்கின் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ இணைப்பும் அங்கேதான் வந்து சேரும் என்பதால், அது போனால் எல்லாம் போன மாதிரி. அடுத்து வங்கி, மற்றவற்றை அந்தந்தத் தளத்துக்குள் போகும்போது ஒவ்வொன்றாக மாற்றலாம். அவ்வப்போது எக்ஸ்போர்ட் எடுக்கும்போது ‘பாஸ்வேர்டால் பாதுகாக்கப்பட்ட ஜேசன்’ என்ற கோப்பு வகையைத் தேர்ந்தெடுங்கள். அங்கேயே காணும் இன்னொரு வகையான சிஎஸ்வி கோப்பில் எல்லாப் பாஸ்வேர்டும் அப்பட்டமான எழுத்தில் இருக்கும். அதை டவுன்லோடு ஃபோல்டரில் போட்டுவிட்டு மறப்பது, வீட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டுப் போவதுதான்.

இதற்குத் துணையாக, பாஸ்வேர்டுக்கு மேல் இரண்டாவது பூட்டாக ஆறு இலக்கக் குறியீடு தரும் ஆதென்டிகேட்டர் செயலி. எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபியைவிட இது மேல்: சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும், உங்கள் எண்ணுக்கு வேறொருவர் மோசடியாக சிம் வாங்கினாலும் அவர் கைக்குப் போகாது. ஆண்ட்ராய்டில் ஏஜிஸ், இரண்டு வகைப் போனுக்கும் என்டே ஆத். இரண்டும் இலவசம், திறந்த மூலம், எக்ஸ்போர்ட் உண்டு. கூகுள் ஆதென்டிகேட்டரும் 2023 முதல் கூகுள் கணக்கில் பேக்கப் வைக்கிறது. இதே வேலையைச் செய்யும் ஆத்தி செயலியில் குறியீடுகளை எக்ஸ்போர்ட் செய்ய வழியில்லை என்பதால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

தளத்தின் பாதுகாப்பு செட்டிங்ஸில் ‘இரு படிச் சரிபார்ப்பு’ என்பதைத் திறந்து, திரையில் தெரியும் கியூஆரை ஆதென்டிகேட்டரால் ஸ்கேன் செய்து, வரும் ஆறு இலக்கத்தை உள்ளிட்டால் வேலை முடிந்தது. அதன் பிறகு தளம் தரும் மீட்புக் குறியீடுகளைத்தான் எல்லோரும் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று தாண்டிப் போகிறார்கள். கூகுள் எட்டு இலக்கத்தில் பத்துக் குறியீடு தரும். அவற்றை அச்செடுத்தோ எழுதியோ, மாஸ்டர் பாஸ்வேர்டு இருக்கும் அதே இடத்தில் வையுங்கள். போன் தொலைந்த அன்று உங்களைக் காப்பாற்றுவது அந்தத் தாள்தான்.

இதில் கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. “சரியான குறியீடு போட்டும் தவறு என்கிறது” என்றால் பெரும்பாலும் போனின் கடிகாரம்தான் காரணம். குறியீடு நேரத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது, 30 நொடிக்கு ஒருமுறை மாறும். போன் இரண்டு நிமிடம் முன்பின்னாக ஓடினால் ஒத்துப்போகாது. தேதி–நேரத்தைத் ‘தானாக’ என்று வைத்தால் சரியாகிவிடும். இரண்டாவது, பழைய போனை ரீசெட் செய்த பிறகு குறியீடு நினைவுக்கு வருவது. புதுப் போனில் ஒரு கணக்கையாவது திறந்து பார்த்த பிறகே பழையதை அழியுங்கள். மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது: என்டே ஆத்தின் பாஸ்வேர்டு பிட்வார்டனுக்குள், பிட்வார்டனைத் திறக்கும் குறியீடு என்டே ஆத்துக்குள். இரண்டு பெட்டி, ஒவ்வொன்றின் சாவியும் மற்றதற்குள். போன் கையில் இருக்கும்வரை இது தெரியவே தெரியாது. ஏஜிஸில் தானியங்கி பேக்கப்பை இயக்கியவர்கள், அந்தக் கோப்பு அதே போனில் மட்டும் கிடக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் போனோடு அதுவும் போகும்.

ஆவணங்களை ஸ்கேன் செய்யத் தனிச் செயலி தேவையா? பெரும்பாலும் இல்லை. பிரபலமாக இருந்த கேம்ஸ்கேனரின் ஆண்ட்ராய்டு பதிப்பில் இருந்த விளம்பர நிரலில் தீங்கான பகுதி இருப்பதை 2019-இல் காஸ்பர்ஸ்கை என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. கூகுள் அந்தச் செயலியைச் சிறிது காலம் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கியது. நன்றாக இருந்த இன்னொரு ஸ்கேன் செயலியான மைக்ரோசாஃப்ட் லென்ஸையும் நிறுத்தப் போவதாக 2025-இல் அறிவித்துவிட்டார்கள். ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவைத் திறந்து கேமரா பொத்தானை அழுத்துங்கள். ஐபோனில் நோட்ஸ் செயலியில் இணைப்புப் பொத்தானை அழுத்தி ‘ஸ்கேன் டாக்குமென்ட்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டும் விளிம்பைத் தாமே கண்டுபிடித்துக் கோணலை நிமிர்த்தி பிடிஎஃப் ஆக்கித் தரும்.

நல்ல ஸ்கேனுக்குத் தாளை அடர்நிறப் பரப்பில் வையுங்கள். வெள்ளை மேசையில் வெள்ளைத் தாளை வைத்தால் விளிம்பு தெரியாமல் செயலி தடுமாறும். விளக்கு தலைக்கு நேர் மேலே இருந்தால் கையின் நிழல் தாளில் விழும், ஜன்னலோரம் பக்கவாட்டு வெளிச்சம் நல்லது. லேமினேட் செய்த அட்டைக்கு ஃபிளாஷ் போட்டால் நடுவில் வெள்ளைத் திட்டு விழுந்து எண் மறையும். வெறும் எழுத்துப் பக்கமென்றால் கறுப்பு–வெள்ளையில் சேமித்தால் கோப்பு சிறியதாகும். முத்திரையோ நீல மைக் கையெழுத்தோ இருந்தால் வண்ணத்திலேயே வையுங்கள், கறுப்பு–வெள்ளையில் அவை மங்கிப்போகும். பல பக்கங்களைத் தனித்தனிப் படமாக அனுப்பாமல், ஒரே ஸ்கேனில் பக்கம் சேர்த்துக்கொண்டே போய்க் கடைசியில் சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது அழுத்தப்பட்டு எழுத்து சிதையும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே போகும்.

ஸ்கேனிலிருந்து தமிழ் எழுத்தைப் பிரித்தெடுக்கவும் காசு கொடுக்க வேண்டாம். பிடிஎஃப்பையோ படத்தையோ டிரைவில் ஏற்றி, கணினியில் அதன் மேல் வலது சொடுக்கி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்து தட்டச்சு வடிவில் வந்துவிடும். கோப்பு 2 எம்பிக்குள் இருப்பது நல்லது. அச்செழுத்துக்குத் துல்லியம் நன்றாகவே இருக்கும். இரு பத்தி அமைப்பில் வரிகள் கலந்துபோகும், எண்களை மட்டும் கண்ணால் சரிபார்த்துவிடுங்கள்.

நினைவூட்டல் செயலிகளைப் பற்றிய புகார்களில் பாதிக்கு மேல் செயலியின் குற்றமாக இருப்பதில்லை. மாத்திரை நேரத்துக்கு எதை நிறுவினாலும், ஒரு வாரம் ஒழுங்காக அடித்துவிட்டுப் பிறகு மௌனமாகிவிட்டால், பேட்டரியை மிச்சப்படுத்தப் போன் அதைத் தூங்க வைத்திருக்கும். செயலியின் ஐகானை நீண்ட நேரம் அழுத்தி ‘ஆப் இன்ஃபோ’வுக்குப் போய் மூன்றைப் பாருங்கள். பேட்டரி ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்று இருக்க வேண்டும். நோட்டிஃபிகேஷன் அனுமதி இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 13 முதல் செயலிகள் இதைக் கேட்டுத்தான் பெற முடியும், முதல் நாள் அவசரத்தில் ‘வேண்டாம்’ அழுத்தியிருப்பீர்கள். ‘அலாரம்ஸ் அண்ட் ரிமைண்டர்ஸ்’ அனுமதியும் வேண்டும். ஆண்ட்ராய்டு 14-இல் புதிதாக நிறுவும் பல செயலிகளுக்கு இது தானாகக் கிடைப்பதில்லை, அது இல்லாவிட்டால் மணி பிந்தி அடிக்கும். சாம்சங்கில் ‘டீப் ஸ்லீப்பிங் ஆப்ஸ்’ பட்டியலில் அது இருந்தால் எடுத்துவிடுங்கள். ஷாவ்மியில் ‘ஆட்டோஸ்டார்ட்’டை இயக்குங்கள். ‘ஃபோர்ஸ் ஸ்டாப்’ கொடுத்த செயலி, நீங்கள் மறுபடி திறக்கும்வரை எதற்கும் எழாது.

ஐபோனில் ஐஓஎஸ் 16 முதல் ஹெல்த் செயலியிலேயே மருந்துப் பகுதி உண்டு. ஆனால் சாதாரண நினைவூட்டல் சைலன்ட்டில் சத்தம் போடாது. கடிகாரச் செயலியின் அலாரம் சைலன்ட்டிலும் அடிக்கும். தவறவே கூடாத மருந்துக்கு, அலங்காரமான செயலியைவிடக் கடிகாரத்தில் தினசரி அலாரம் வைத்துப் பெயரிடுவதையே முதலில் சொல்வேன்.

கோப்பு மாற்ற லோக்கல்சென்ட். ஆண்ட்ராய்டு, ஐபோன், விண்டோஸ், மேக், லினக்ஸ் எதிலிருந்து எதற்கும் அனுப்பும். இணையமும் கணக்கும் வேண்டாம், இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும். ரவுட்டர் இல்லாத இடத்தில் ஒரு போனில் ஹாட்ஸ்பாட் போட்டு மற்றதை அதில் இணையுங்கள். எதிர்ச் சாதனம் பட்டியலில் தெரியவில்லை என்றால் விபிஎன்னை (இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பும் வசதி) அணைத்துப் பாருங்கள். ஐபோனில் ‘லோக்கல் நெட்வொர்க்’ அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். விருந்தினர் வைஃபையில் சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்காதபடி தடுத்திருப்பார்கள், அங்கே எதைச் செய்தாலும் தெரியாது.

வரைபடத்துக்கு கூகுள் மேப்ஸ் இருக்கட்டும், கூடவே ஆர்கானிக் மேப்ஸையும் வையுங்கள். 2004-இல் தொடங்கிய, தன்னார்வலர்கள் வரையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற வரைபடத்தின் தரவில் ஓடுவது, விளம்பரம் இல்லாதது. கிளம்பும் முன் அந்தப் பகுதியைப் பதிவிறக்கிக்கொண்டால் இணையமே வேண்டாம். கூகுள் மேப்ஸிலும் ஆஃப்லைன் பகுதி எடுக்கலாம், ஆனால் இணையமில்லாதபோது வண்டி வழிதான் காட்டும், நடைவழியும் பேருந்து வழியும் வராது. ஆர்கானிக் மேப்ஸ் நடைவழியும் தரும். குறித்து வைத்த இடங்களைக் கோப்பாக வெளியே எடுக்கவும் முடியும். அதன் குறை, கடைகளின் திறப்பு நேரமும் புதிய கடைகளும் பல இடங்களில் இருக்காது. இன்னொன்று: டேட்டா இல்லாமல் முதன்முறை இருப்பிடம் காட்டச் சில நிமிடம்கூட ஆகலாம். செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கின்றன என்ற தகவலை வழக்கமாகப் போன் இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். இணையம் இல்லையென்றால் அவற்றிடமிருந்தே மெதுவாகப் பெற வேண்டும். திறந்த வானத்தின் கீழ் அசையாமல் நில்லுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீடியோவுக்கு விஎல்சி, விளம்பரம் கிடையாது, அநேகமாக எதையும் ஓட்டும். தமிழில் தட்டச்ச ஜிபோர்டு போதும். தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் பழகியவர்களுக்குச் செல்லினம் இருக்கிறது. குரலால் தட்டச்சும்போது உளறலாக வந்தால், கீபோர்டு ஆங்கிலத்தில் இருக்கிறது என்று பொருள். முதலில் தமிழுக்கு மாற்றிவிட்டு மைக்கை அழுத்துங்கள். அறிமுகமில்லாத அலங்காரக் கீபோர்டுகளை மட்டும் நிறுவ வேண்டாம், நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் அதன் வழியாகத்தான் போகிறது. கூகுள் டிரான்ஸ்லேட்டில் தமிழை ஆஃப்லைனுக்கு எடுத்து வையுங்கள். மருந்துச் சீட்டுக்கும் ஒப்பந்தத்துக்கும் அதை நம்பாதீர்கள். ஆண்ட்ராய்டில் ஃபயர்ஃபாக்ஸும் அதில் விளம்பரத்தைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் நீட்சியும் போட்டால் இணையப் பக்கங்கள் அடையாளமே மாறிவிடும். விளம்பரமில்லாத கேலரி வேண்டுமென்றால், விற்கப்பட்ட சிம்பிள் மொபைல் டூல்ஸின் மூல நிரலை எடுத்துத் தன்னார்வலர்கள் தொடரும் ‘ஃபாஸிஃபை’ தொகுப்பு. செலவுக் கணக்குக்கு கூகுள் ஷீட்ஸில் தேதி, விவரம், தொகை என்று மூன்று பத்தி போதும். எஸ்எம்எஸ் படித்துத் தானே கணக்கெழுதுகிறேன் என்று வரும் செயலிக்கு அந்த அனுமதியைக் கொடுத்தால் அது வங்கி ஓடிபியையும் படிக்கும்.

படங்களின் பேக்கப்பில் ஒரு பெரிய பொறி உண்டு. கூகுள் ஃபோட்டோஸ் பேக்கப் இயங்கும்போது அந்தச் செயலிக்குள் ஒரு படத்தை அழித்தால் போனிலும் கூகுளின் இணையச் சேமிப்பிலும் சேர்த்தே அழியும். குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், பிறகு கிடையாது. போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால் ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ பொத்தானைப் பயன்படுத்த வேண்டும். ஐகிளவுட் ஃபோட்டோஸும் இதே கதைதான்: ஒரு சாதனத்தில் அழித்தால் எல்லாவற்றிலும் போகும், மீட்க 30 நாள் அவகாசம். இலவச இடம் கூகுளில் 15 ஜிபி, ஐகிளவுடில் 5 ஜிபி. கூகுளின் 15-இல் மின்னஞ்சல், டிரைவ், படங்கள் எல்லாம் பங்கு. ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் 2024 முதல் அதில் சேர்ந்துவிட்டது. அது நிரம்பினால் மின்னஞ்சல் வருவதே நின்றுவிடும். வாட்ஸ்அப் பேக்கப் செட்டிங்ஸில் வீடியோவை விலக்கினாலே கணிசமாகக் குறையும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை படங்களைக் கணினியிலோ தனி டிஸ்கிலோ நகலெடுத்து வைப்பதற்கு மாற்றாக எந்த இலவசச் செயலியும் இல்லை.

புதிதாக எதை நிறுவினாலும் அது கேட்கும் அனுமதிகளில் நின்று பாருங்கள். இருப்பிடத்துக்கு ‘பயன்படுத்தும்போது மட்டும்’. ஒருமுறைத் தேவைக்கு ‘இந்த முறை மட்டும்’. தொடர்புகளைக் கேட்கும் கடன் செயலியை அப்போதே நீக்குங்கள். ‘அக்சஸிபிலிட்டி’ அனுமதி கேட்டால் கூடுதல் எச்சரிக்கை: அதைப் பெற்ற செயலி திரையில் உள்ளதைப் படிக்கும், உங்களுக்காகப் பொத்தானையும் அழுத்தும். பாஸ்வேர்டு மேனேஜர், பார்வைக் குறைபாட்டுக்கு உதவும் செயலி போன்றவற்றுக்கு அதில் நியாயம் உண்டு, வால்பேப்பருக்கு இல்லை. பிளே ஸ்டோரில் காணும் ‘டேட்டா சேஃப்டி’ பகுதி, செயலியை உருவாக்கியவரே எழுதித் தருவது. அதைச் சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

‘ஏழு நாள் இலவசம்’ என்று தொடங்கும் செயலியை நீக்கிவிட்டால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு ‘பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ பகுதியில் தனியாக ரத்து செய்ய வேண்டும். ஐபோனில் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டால் ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ இருக்கும், அங்கே காலம் முடிய 24 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்துவிடுங்கள். கணக்குத் தொடங்கிப் பயன்படுத்திய செயலி என்றால் நீக்கும் வரிசையும் முக்கியம்: முதலில் எக்ஸ்போர்ட், பிறகு சந்தா ரத்து, பிறகு செயலிக்குள்ளேயே ‘டெலீட் அக்கவுன்ட்’, கடைசியில்தான் அன்இன்ஸ்டால். ஐகானை மட்டும் நீக்கினால் உங்கள் தரவு அவர்களுடைய சர்வரில் அப்படியே கிடக்கும்.